சில்லுப் பெயாரிங் உறுமத் தொடங்கினால்

கார் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் காலடியில் ஒரு உறுமல் கேட்கும். 80 வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். 40க்கு இறங்கினால் சத்தம் காணாமல் போய்விடும். ஏசியைப் போட்டாலும் நிறுத்தினாலும் கியரை மாற்றினாலும் அது பாட்டுக்கு அது. இப்படி ஒரு சத்தம் உங்கள் காரில் இருந்தால், பெரும்பாலும் ஒரு சில்லின் பெயாரிங், அதாவது சில்லு வழுக்கிச் சுற்றுவதற்காக உள்ளே இருக்கிற குண்டு வளையம், பழுதாகிக்கொண்டு வருகிறது. எந்தச் சில்லு என்று கண்டுபிடிப்பதும், புதியதைச் சரியான முறையில் ஏற்றுவதும்தான் இதில் முக்கியமான வேலைகள். இரண்டிலும் ஆட்கள் காசை வீணாக்குவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது டொயோட்டா கொரோல்லா 121. திருகோணமலை டவுனிலிருந்து சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியா வழியாக மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் எங்கள் எல்லோருடைய கார்களுக்கும் வயது ஏறிவிட்டது. ஆசிரியர் அறையில் கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஏதோ ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

முதலில் டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஆள் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, டயர்ச் சத்தம், நாலு டயரையும் மாற்றுங்கள் என்றார். டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே குனிந்து நான் கையால் தடவிப் பார்த்தேன். டயர் சத்தம் போடுவதென்றால் அதன் மேற்பரப்பில் அதற்கான அடையாளம் இருக்க வேண்டும். உள்ளங்கையை டயரின் மேல் முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் வாள் பல்லைப் போலக் கையைப் பிடித்தாலோ, இடைக்கிடை பள்ளம் தட்டுப்பட்டாலோ, அந்த டயர் உறுமும். என் டயர்கள் நாலும் இரு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. டயர் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

டயரா பெயாரிங்கா என்பதை ஓட்டத்திலும் பிரித்துப் பார்க்கலாம். டயர்ச் சத்தம் வீதியைப் பொறுத்தது. காபட் வீதி முடிந்து பழைய தார் வீதியில் ஏறியதும் அதன் சுருதி மாறிவிடும். பெயாரிங் சத்தம் அப்படி மாறாது, சில்லு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. இன்னும் சந்தேகம் என்றால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர்தான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கிண்ணியாப் பாலத்தில் கதவு ரப்பரின் இடுக்கால் வருகிற இரைச்சலும் கிட்டத்தட்ட இதே சுருதியில்தான் இருக்கும். எதிர்க்காற்றில் ஒரு தடவை, காற்று முதுகில் இருக்கும்போது ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் அது பிரிந்துவிடும்.

அடுத்தது எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் விலக்குவது. ஆளில்லாத நேரான வீதியில் 70 அளவில் போய்க்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்குத் தட்டுங்கள். எஞ்சின் இரைச்சல் விழும். உறுமல் விழாமல், வண்டியின் வேகத்தோடு மெல்ல மெல்ல இறங்கி வந்தால் அது சில்லுப் பக்கத்து விஷயம். எஞ்சினை மட்டும் நிறுத்தக்கூடாது. பவர் ஸ்டியரிங்கும் பிரேக்கின் பலமும் குறைந்துபோகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் டக் என்று வருவது வேறு நோய். அது சில்லைச் சுற்றவைக்கிற தண்டான டிரைவ் ஷாஃப்டின் மூட்டு, சி.வி. ஜொயின்ட்.

எந்தப் பக்கம் என்பதற்கும் ஓட்டத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. வெறும் வீதியில் 60 வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் சாய்த்தால் வண்டியின் பாரம் இடப்பக்கச் சில்லுகளுக்குப் போகும். இடப்பக்கம் சாய்த்தால் வலச் சில்லுகளுக்குப் போகும். பாரம் ஏறும்போது உறுமல் கூடினால் நோய் அந்தப் பக்கத்தில். என் காரில் வலப்பக்கம் சாய்க்கும்போது கூடியது, இடப்பக்கம் சாய்த்தால் ஏறக்குறைய அடங்கியது. வளைவில் செய்ய வேண்டாம், எதிரே வாகனம் வரும்போது செய்ய வேண்டாம். எங்கள் பக்கத்து வீதிகளில் மாடு படுத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லுப் பெயாரிங்குக்குள் இரண்டு வரிசைக் குண்டுகள் இருக்கின்றன. உள் வரிசை தேய்ந்ததா வெளி வரிசை தேய்ந்ததா என்பதைப் பொறுத்து இந்தச் சோதனை சில சமயம் தலைகீழாகவும் காட்டும். ஆகவே இதை ஒரு சாட்சியாக எடுங்கள், தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

இதற்குப் பிறகும் முன்னா பின்னா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. நான் ஓட்ட, தம்பி பின்சீட்டில் இருந்து கேட்டான். பின் இடச் சில்லு என்று சத்தியம் பண்ணாத குறை. எனக்கோ என் இடக் காலுக்கு முன்னாலிருந்து வருவதாகத் தோன்றியது. காரின் உடம்பு முழுவதும் ஒரே தகரப் பெட்டி. ஒரு மூலையில் எழுந்த அதிர்வு தரைத் தகட்டில் ஓடி எங்கே வசதியோ அங்கே ஒலிக்கும். காதை மட்டும் நம்பிச் சாமான் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பின் பெயாரிங்கை மாற்றி, சத்தம் போகவில்லை என்று முன்னதையும் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் நானா ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி டீச்சர், ஓடிப் பாத்தது போதும். தூக்கிப் பாப்பம்” என்றார்.

தட்டையான கொங்கிரீட் தரை. பின் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, முன்னால் ஜக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி வைத்தார். ஜக்கை மட்டும் நம்பி எந்தச் சோதனையும் செய்யக்கூடாது. சில்லின் உச்சியையும் அடியையும் இரு கையாலும் பிடித்து உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் ஆட்டினார். டக் என்று ஆட்டம் தெரிந்தால் அது பெயாரிங்காக இருக்கலாம், கீழே சில்லைத் தாங்குகிற குண்டு மூட்டான போல் ஜொயின்டாகவும் இருக்கலாம். பிரிப்பதற்கு வழி சுலபம்: ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்தால், சில்லைப் பூட்டுகிற சுற்றும் துண்டான ஹப்பும், பெயாரிங்கைத் தாங்குகிற சுற்றாத இரும்புத் துண்டான நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் பக்கம் பார்க்க வேண்டும். சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிகிற ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டான டை ரொட் என்டில் இருக்கும்.

என் காரில் எந்த ஆட்டமும் இல்லை. இந்த இடத்தில் பலர் பெயாரிங் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சத்தம் முதலில் வரும், ஆட்டம் பிறகுதான் வரும். குண்டு ஓடுகிற பாதையில் ஒரு சிறு பொருக்கு உதிர்ந்தாலே உறுமல் தொடங்கிவிடும். சில்லை ஆட்டிப் பார்த்துத் தெரிகிற அளவுக்குத் தேய அதற்கு இன்னும் காலம் எடுக்கும்.

நானா நியூட்ரலில் போடச் சொல்லிவிட்டு வல முன் சில்லுக்கு என்னைக் கூப்பிட்டார். “காதக் கொண்டு போகாதீங்க டீச்சர். இந்தச் சுருளப் புடிச்சிக்கிட்டு மத்தக் கையால சில்லச் சுத்துங்க.” சொக் அப்சோபரைச் சுற்றியிருக்கிற சுருள் கம்பியைத்தான் சொன்னார். நாலு விரலின் நுனியைக் கம்பியில் வைத்துச் சில்லைச் சுற்றினேன். பிரேக் பாட் டிஸ்க்கில் லேசாக உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. விரலில் ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் போய் அதே மாதிரிச் சுற்றினேன். உரசல் சத்தம் அங்கேயும் அதேதான். ஆனால் விரல் நுனியில் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு. சில்லை மிக மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு மணியாக எண்ணலாம் போல இருந்தது. நக்கிளில் எழுகிற அதிர்வைச் சுருள் அப்படியே கைக்குக் கொண்டுவந்து தருகிறது. பிரேக் உரசலை அது அவ்வளவாகக் கடத்துவதில்லை. இவ்வளவு எளிமையான சோதனையை ஏன் யாரும் முதலிலேயே சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

உறுதிப்படுத்த இன்னொன்றும் செய்தார். இடப்பக்கச் சில்லு மட்டும் தூக்கி நிற்க, எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டு, நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை நக்கிளில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். இதை வீட்டில் செய்யவே வேண்டாம். ஒரு சில்லு தரையில் நின்று மற்றது அந்தரத்தில் சுற்றும்போது, இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியல் காரணமாக அது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். முள் 40 காட்டினால் சில்லு 80 வேகத்தில் ஓடுகிறது. ஸ்டாண்ட் நழுவினால் வண்டி பாய்ந்துவிடும். சுருளைப் பிடித்துப் பார்ப்பதே வீட்டுக்குப் போதும்.

சாமான் வாங்குவதற்கு முன் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சில கார்களில் பெயாரிங்கும் ஹப்பும் ஒரே துண்டாக, போல்ட் கழற்றி மாட்டுகிற மாதிரி வரும். 121இன் பின் சில்லு அந்த வகை. கருவி இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். முன் சில்லு அப்படியில்லை. பெயாரிங் தனி வளையமாக நக்கிளுக்குள் இறுகி இருக்கும், சேர்க்ளிப் என்கிற ஒரு பூட்டு வளையம் அதைப் பிடித்திருக்கும். அழுத்தி ஏற்றி இறக்குகிற பிரஸ் இயந்திரம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பழைய சில வாகனங்களில் கூம்பு உருளை வைத்த பெயாரிங், கிறீஸ் அடைத்து நட்டால் இறுக்கத்தைச் சரிசெய்கிற வகை. அதன் கதையே வேறு.

செஸி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். இங்கே இல்லையென்றால் கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் ஆள் பிடித்து பஸ்ஸில் எடுக்கலாம். கொயோ, என்எஸ்கே, என்டிஎன், எஸ்கேஎஃப் என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களிலேயே போலியும் வருவதால், விலை மிகக் குறைவாக இருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள். எழுத்து வளையத்திலேயே சீராகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், நகத்தால் சுரண்டினால் போகக்கூடாது. பழைய பெயாரிங்கைக் கழற்றி விற்கிறார்கள், அதை வாங்க வேண்டாம். கழற்றும்போதே அது அடிபட்டிருக்கும். இரு பக்கமும் அடைத்து வருகிற பெயாரிங்குக்குள் கிறீஸ் ஏற்கெனவே அளவாக இருக்கிறது. சீலைத் தூக்கி மேலும் அடைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏற்றுகிற நேரம் வரைக்கும் உறையைப் பிரிக்கவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். புதிய கார்கள் பலவற்றில் ஏபிஎஸ் சென்சருக்கான (பிரேக்கில் சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்க, சில்லின் வேகத்தைப் பார்ப்பது) காந்த வளையம் பெயாரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே இருக்கும். அந்தப் பக்கம் சென்சரை நோக்கி உட்புறமாகப் போக வேண்டும். மாற்றி ஏற்றினால் ஏபிஎஸ் விளக்கு எரியும், பெயாரிங்கை மறுபடி பிடுங்க வேண்டிவரும், பிடுங்கினால் அது பழுது. ஏற்றுவதற்கு முன் ஒரு பேப்பர் கிளிப்பை இரு பக்கமும் காட்டிப் பாருங்கள், லேசாக ஒட்டுகிற பக்கம் எதுவென்று தெரிந்துவிடும்.

கழற்றுகிற வேலையில் நேரம் தின்றது உப்புக்காற்றுதான். உப்புவெளி, நிலாவெளி, டவுன் என்று கடலைப் பார்த்த இடங்களில் நிறுத்துகிற கார்களுக்கு அடியில் எல்லாம் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஏபிஎஸ் சென்சர் நக்கிளோடு ஒன்றாகிப்போயிருந்தது. அதை நெம்பி உடைத்தால் புதுச் செலவு. நானா துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். வந்து மெல்லத் திருகி எடுத்தார். பிரேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார், பிரேக் குழாயில் பாரம் விழவிடவில்லை. சொக்கும் நக்கிளும் சேருகிற இடத்தில் போல்டைத் தளர்த்துவதற்கு முன் சுற்றிவர ஒரு கோடு கீறினார், திரும்பப் பூட்டும்போது கிட்டத்தட்ட அதே கோணத்துக்கு வர. நீங்கள் நிற்கிற கராஜில் இந்த மூன்றையும் செய்கிறார்களா என்று கவனியுங்கள். செய்தால் மிச்சத்தையும் நம்பி விடலாம்.

அவரிடம் பிரஸ் இல்லை. நக்கிளைத் தூக்கிக்கொண்டு லேத் கடைக்குப் போனோம். நானும் கூடவே போனேன், ஏனென்றால் பெயாரிங்கின் ஆயுள் அங்கேதான் முடிவாகிறது. முதலில் ஹப்பைத் தள்ளி வெளியே எடுத்தார்கள். உள் வளையத்தின் ஒரு பாதி ஹப்போடு ஒட்டி வந்தது. அது வழக்கம்தான். கிரைண்டரால் அந்த வளையத்தில் முக்கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, உளியால் ஒரு தட்டுத் தட்டிப் பிளந்தார்கள். முழுக்க வெட்டினால் ஹப்பில் கீறல் விழும். பிறகு சேர்க்ளிப்பைக் கழற்றிப் பழைய பெயாரிங்கைத் தள்ளி, துவாரத்தின் துருவை மென்மையாகத் தேய்த்துத் துடைத்தார்கள்.

புதியதை நக்கிளுக்குள் ஏற்றும்போது பிரஸ்ஸின் அழுத்தம் வெளி வளையத்தின் மேல் மட்டும் விழ வேண்டும். அதைச் சரியாகச் செய்தார்கள், பழைய பெயாரிங்கின் வெளி வளையத்தையே மேலே வைத்து அழுத்தினார்கள். சேர்க்ளிப் பள்ளத்துக்குள் டக்கென்று உட்கார்ந்தது. அடுத்தது ஹப்பை ஏற்றுவது. கடையில் நின்ற பெடியன் நக்கிளைக் கவிழ்த்து இரண்டு இரும்புக் கட்டைகளில் தாங்கவைத்து, மேலே ஹப்பை வைத்துப் பிரஸ்ஸை இறக்கப் போனான்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க” என்றார் நானா. “உள் வளையத்துக்குக் கீழ ஒண்டும் இல்லையே.”

பெடியன் நிறுத்திவிட்டுப் பார்த்தான். நானா ஒரு குழாய்த் துண்டைத் தேடி எடுத்து, உள் வளையத்துக்கு நேர் கீழே நிற்கும்படி வைத்தார். பிறகுதான் பிரஸ் இறங்கியது.

அந்தக் குழாய்த் துண்டு இல்லாமல் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹப் உள் வளையத்துக்குள் இறுக்கமாகப் போகிறது. உள் வளையத்தைக் கீழே எதுவும் தாங்காவிட்டால், டன் கணக்கான அந்த அழுத்தம் குண்டுகள் வழியாக வெளி வளையத்துக்குப் போகும். ஒவ்வொரு குண்டும் தன் பாதையில் ஒரு சின்னப் பள்ளத்தைப் பதிக்கும். கண்ணுக்குத் தெரியாது. கையால் சுற்றினாலும் பெரும்பாலும் தெரியாது. கொஞ்ச நாள் ஓடியதும் அதே உறுமல் திரும்பி வரும், சாமான் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற இடங்களிலும் இதே கதைதான், இன்னும் மோசம். ஆகவே வேலை கொடுக்கும்போதே வாய் திறந்து கேளுங்கள்: பிரஸ்ஸிலா ஏற்றுகிறீர்கள், ஹப் ஏற்றும்போது உள் வளையத்தைத் தாங்குகிறீர்களா? கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கோபப்படுகிற இடமென்றால் வேறு இடம் பார்க்கலாம்.

பூட்டும்போது கடைசி முக்கியமான இடம் டிரைவ் ஷாஃப்டின் நடு நட். உள் வளையம் இரண்டு பாதி என்று சொன்னேன் அல்லவா, அந்த இரண்டையும் நெருக்கிப் பிடிப்பது இந்த நட்தான். அதனால் அது இறுகுவதற்கு முன் வண்டியின் பாரத்தைச் சில்லில் இறக்கக்கூடாது. வண்டி ஸ்டாண்டில் நிற்க, நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, நானா இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரெஞ்ச்சால் இறுக்கினார். 121க்கு அளவு 216 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கு வேறாக இருக்கும், அந்தக் காரின் அளவைத் தேடிப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் கரகரவென்று இறுக்கி முடிப்பது கூடாது. நட் புதியதாக இருக்க வேண்டும். இறுக்கியதும் அதன் விளிம்பை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் அடித்து மடிக்க வேண்டும். சில்லு நட்டுகளுக்கு 103 நியூட்டன் மீட்டர்.

திரும்பி வரும்போது வெள்ளைமணலில் வேகத்தைக் கூட்டினேன். எஞ்சின் சத்தமும் டயர்ச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. அவ்வளவுதான்.

பழைய பெயாரிங்கை வாங்கி வந்து வீட்டில் துடைத்துப் பார்த்தேன். உள் பக்கத்துச் சீலின் ஓரம் முழுக்கத் துரு, கிறீஸ் கோப்பி நிறத்தில் தண்ணீராய் இளகியிருந்தது. குண்டு ஓடுகிற பாதையில் நகம் சிக்குகிற அளவுக்கு ஒரு இடம் பொருக்கு விட்டிருந்தது. மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடுகிற நாட்களின் வேலை அது. ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, தேய்ந்த சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். வெள்ளத்தில் போகாமல் இருக்க எங்களால் முடியாது. எங்களால் செய்யக்கூடியது, வெள்ளத்தில் இறங்குவதற்கு முன் கொஞ்சம் நிறுத்தி ஆறவிடுவதும், மாரி முடிந்ததும் சுருளைப் பிடித்து நாலு சில்லையும் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பதும். சேர்விஸ் ஸ்டேஷனில் அழுத்தத் தண்ணீரை ஹப்பின் நடுவுக்கு நேராக அடிக்க விடாதீர்கள், அதுவும் சீலைத் தாண்டும்.

உறுமலோடு எவ்வளவு நாள் ஓடலாம் என்று கேட்கிறார்கள். சத்தம் மட்டும் இருந்தால் சாமான் வந்து சேரும் வரை மெதுவாக, கிட்ட தூரம் ஓடலாம். நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. சில்லில் ஆட்டம் தெரிந்தாலோ, ஓடி வந்து நிறுத்தியதும் ஒரு ஹப் மட்டும் மற்றப் பக்கத்தைவிட அதிகமாகச் சுட்டாலோ, ஏபிஎஸ் விளக்கு விட்டுவிட்டு எரிந்தாலோ அன்றைக்கே நிறுத்துங்கள். முற்றினால் ஹப் பிடியை விட்டுவிடும், சில்லு ஓட்டத்தில் கழன்று போகும். பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டியில் இதற்கு யோசனையே வேண்டாம்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம். பழுதானதை மட்டும் மாற்றுங்கள். நல்லதைப் பிடுங்கினால் அது கழற்றும்போதே வீணாகும். சொக் போல்டைக் கழற்றியிருப்பதால் வீல் அலைன்மென்ட் மட்டும் பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு சில்லு நட்டுகளை டோர்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். நடு நட்டைத் தொட வேண்டியதில்லை, மடித்த விளிம்பு அப்படியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.